செதில்கால் நத்தையும் இந்தியப் பெருங்கடல் வெந்நீர் ஊற்றுகளும்: தோண்டலாமா?

#1 ஆழ்கடல் அகிலா

2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலின் நடுவே, ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில், வெந்நீரைக் கக்கிக்கொண்டிருக்கும் ஊற்று ஒன்றை நம் நாட்டு விஞ்ஞானிகள் படம் பிடித்தார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், கோவாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து செய்த வேலை. சாகர் நிதி கப்பலிலிருந்து இறக்கிவிட்ட ஆளில்லா நீர்மூழ்கி கொண்டுவந்த படங்கள் அவை. பார்த்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நான் படித்த செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே பல்லவி. தாமிரம் இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது, தங்கம் வெள்ளி கூட இருக்கிறது, எப்போது அள்ளப்போகிறோம்? அங்கே குடியிருப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

நம் கடலின் ஊற்றுகளில் மட்டும் ஒரு நத்தை இருக்கிறது. கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம் என்பது அதன் அறிவியல் பெயர். நான் செதில்கால் நத்தை என்று எழுதுகிறேன். ஓடு பெரிதானால் நாலரை சென்டிமீட்டர் இருக்கும். சாதாரண நத்தையின் கால் வழவழவென்று இருக்குமல்லவா? இதன் காலில் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். அந்தச் செதில்களின் மேல்பூச்சு இரும்பு சல்பைடு. ஓட்டின் வெளி அடுக்கும் அதேதான். நடுவில் தடித்த ஓர் உயிர்ப்பொருள் அடுக்கு, உள்ளே வழக்கமான சுண்ணாம்பு அடுக்கு. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டும். உடம்பில் இப்படி இரும்பு சல்பைடைக் கவசமாக அணிந்த வேறொரு விலங்கை இதுவரை யாரும் கண்டதில்லை.

2001-இல் கைரேய் என்ற ஊற்றுத்திடலில் முதன்முதலாகக் கிடைத்தது. 2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்புக்கு வந்துகொண்டிருக்கும் உயிரினமாகச் சிவப்புப் பட்டியலில் ஏற்றியது. ஆழ்கடல் சுரங்க அபாயத்தைக் காரணமாகச் சொல்லி அந்தப் பட்டியலில் ஏற்றப்பட்ட முதல் உயிரினம் இது. அன்றைக்குத் தெரிந்திருந்த இருப்பிடங்கள் மூன்றே மூன்று: கைரேய், சொலிட்டேர், லோங்சி. மூன்றின் பரப்பையும் கூட்டினால் சில கால்பந்து மைதானங்கள் அளவுகூடத் தேறாது. அவற்றில் கைரேய் ஜெர்மனியின் கனிம ஆய்வு உரிமப் பகுதிக்குள் வருகிறது, லோங்சி சீனாவின் உரிமப் பகுதிக்குள்.

என் கருத்து இது. உயிரோடு இருக்கும் ஊற்றுகளின்மேல் எந்த நாடும் கைவைக்கக் கூடாது, நாமும்தான். மறுத்துப் பேசுகிறவர்கள் தாராளமாக வாருங்கள்.

#2 நிலா

அக்கா, நான் பன்னிரண்டாம் வகுப்பு. வெளிச்சமே போகாத இடத்தில் இவ்வளவு உயிர்கள் எதைத் தின்று வாழ்கின்றன? இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பத்திதான் இருக்கிறது.

#3 ஆழ்கடல் அகிலா

நிலா, கண்டுபிடித்த கதையை நான் சொல்கிறேன். சாப்பாட்டுக் கேள்வியை நம் கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு விட்டுவிடுகிறேன், அவர் சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

கடலடியில் நிலத்தட்டுகள் விலகும் இடமெல்லாம் நடுக்கடல் மலைத்தொடர்கள். அங்கே புதுப் பாறை பிறந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பாறையிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியே வர வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அளந்து பார்த்தால் கணக்கைவிடக் குறைவாக வந்தது. மீதி எங்கே போகிறது? கடல்நீர் விரிசல் வழியாக உள்ளே இறங்கி, சூடாகி, ஊற்றாக வெளியே வந்து அந்த வெப்பத்தைச் சுமந்துபோகிறது என்று புவியியலாளர்கள் ஊகித்தார்கள். அந்த ஊற்றைத் தேடித்தான் 1977-இல் பசிபிக்கில், கலாபகஸ் தீவுகளுக்கு வடகிழக்கே போனார்கள்.

முதலில் நார் என்ற கப்பல், கேமராக்கள் பூட்டிய ஒரு இரும்புச் சட்டத்தை இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் இழுத்துக்கொண்டு போனது. ராத்திரி முழுக்கப் படம் எடுத்தது. நடுவில் ஓர் இடத்தில் வெப்பமானி மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரம் சட்டென்று ஏறி இறங்கியது. படச்சுருளைக் கழுவிப் பார்த்தால், ஏறத்தாழ 3,000 படங்களில் வெறும் கரும்பாறை. வெப்பம் ஏறிய அந்த நேரத்துக்கான 13 படங்களில் மட்டும் வெள்ளை வெளேரென்று சிப்பிகள் குவிந்து கிடந்தன.

பிப்ரவரி 17 அன்று ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் மூன்று பேர் இறங்கினார்கள். ஓட்டியவர் ஜாக் டானலி. கூடப் போனவர்கள் ஜாக் கார்லிஸ், ட்ஜீர்ட் வான் ஆண்டெல் என்ற இரண்டு புவியியலாளர்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் கார்லிஸ் ஒலித் தொலைபேசியில் மேலே இருந்த தன் மாணவியைக் கூப்பிட்டு, ஆழ்கடல் பாலைவனம் மாதிரி இருக்கும் என்றுதானே சொல்வார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். இங்கே இத்தனை விலங்குகள் இருக்கின்றனவே என்றார் கார்லிஸ்.

அந்தப் பயணத்தில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை. யாரும் உயிர்களை எதிர்பார்க்கவே இல்லை. பிடித்த விலங்குகளைக் கெடாமல் வைக்க மருந்து போதவில்லை. கையில் கொஞ்சம் ஃபார்மலின் இருந்தது, பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்கா இருந்தது. அதில்தான் போட்டு வைத்தார்கள். நீர் மாதிரிக் குப்பியைத் திறந்ததும் ஆய்வறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றத்தில்தான் உன் கேள்விக்கு விடை இருக்கிறது. வாத்தியார் சார், வாங்க.

#4 கெமிஸ்ட்ரி வாத்தியார்

வந்துவிட்டேன். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. நமக்கு அது விஷம், சில பாக்டீரியாக்களுக்கு அதுதான் அடுப்பெரிக்கும் விறகு. அதை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, வரும் ஆற்றலைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரை செய்துகொள்ளும். இலை சூரிய ஒளியை வைத்துச் செய்யும் வேலையை இது கந்தகத்தை வைத்துச் செய்கிறது. பாக்டீரியா இப்படி வாழ முடியும் என்பதை ரஷ்யாவின் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1880-களிலேயே கண்டார். ஒரு முழு ஊரே அதை நம்பிப் பிழைக்கும் என்பது 1977 வரை யாருக்கும் தெரியாது.

பசிபிக் ஊற்றுகளில் ராட்சதக் குழாய்ப்புழு ஒன்று இருக்கிறது. ஆள் உயரத்தையும் தாண்டும். வெள்ளைக் குழாய்க்குள்ளிருந்து ரத்தச் சிவப்பில் கொண்டை நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு வாய் கிடையாது, குடலும் கிடையாது. எப்படித்தான் சாப்பிடுகிறது என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். 1980-இல் ஹார்வர்டில் மெரெடித் ஜோன்ஸ் என்ற விலங்கியலாளர் இந்தப் புழுவைப் பற்றிப் பேசினார். அதன் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருக்கின்றன என்று போகிற போக்கில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கொலீன் கேவனாக் என்ற ஆராய்ச்சி மாணவி அங்கேயே எழுந்து, அப்படியானால் கந்தகத்தை எரிக்கும் பாக்டீரியா அதன் உடலுக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு ஆதாரத்தோடு வெளியிட்டார். நிலா, வகுப்பில் எழுந்து கேட்கத் தயங்காதே. இதற்காகவே நான் எல்லா வகுப்பிலும் இந்தக் கதையைச் சொல்வேன்.

அகிலா சொல்லும் நத்தையும் இதே வழிதான். அதன் உணவுக்குழாய்ச் சுரப்பி பெருத்துப்போய், உள்ளே முழுக்க பாக்டீரியா. அவற்றுக்கு ஆக்சிஜன் கொண்டுபோய்க் கொடுக்க இதயம் உடலின் பருமனில் ஏறத்தாழ 4 விழுக்காடு இருக்கிறது. நமக்கு ஒன்றரை விழுக்காடுகூட இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். இந்த உயிர்களுக்குச் சூரியனே தேவையில்லை என்று பலர் எழுதுகிறார்கள். நேராகத் தேவையில்லை, அவ்வளவுதான். கந்தகத்தை எரிக்கும் ஆக்சிஜன் மேலே சூரிய ஒளியில் நடந்த ஒளிச்சேர்க்கையிலிருந்து வந்தது. கடலடியை மேல்கடலோடு தொடர்பில்லாத தனி உலகமாக நினைக்கக் கூடாது.

#5 செந்தில்_புவியியல்

நல்ல இழை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பேசுகிறீர்கள், மறுபக்கத்தை நான் வைக்கிறேன்.

1979-இல் மெக்சிகோவுக்கு அப்பால் பசிபிக்கில், கரும்புகை மாதிரி வெந்நீர் கக்கும் கல் குழாய்களை முதன்முதலாகப் பார்த்தார்கள். ஆல்வினின் வெப்பமானியை உள்ளே நீட்டினால் பிளாஸ்டிக் பிடி உருகிவிட்டது. பிறகு சரியான கருவியோடு போய் அளந்தபோது 350 டிகிரிக்கு மேல். அந்த அழுத்தத்தில் நீர் கொதித்து ஆவியாகாது. அவ்வளவு சூட்டில் அமிலத்தன்மையும் சேர்ந்தால் பாறையிலுள்ள உலோகத்தைக் கரைத்துக்கொண்டு வரும். வெளியே 2 டிகிரி குளிர்நீரில் பட்டதும் கரைந்தது எல்லாம் கருந்துகளாகப் பிரிந்து படியும். அந்தப் படிவுதான் தாமிரம், துத்தநாக சல்பைடு. கரையில் நாம் தோண்டும் எத்தனையோ தாமிரச் சுரங்கங்கள் பழங்கால கடலடி ஊற்றுகள்தான். மின்வண்டி, காற்றாலை, மின்கம்பி எல்லாவற்றுக்கும் தாமிரம் வேண்டும். கரையில் தோண்டினால் காடு போகிறது, ஊர் போகிறது. அதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா?

இந்தியா இதில் திடீரென்று குதிக்கவில்லை. 1987-லேயே ஆழ்கடல் உலோகக் கட்டிகளுக்கான முன்னோடி முதலீட்டாளர் தகுதியை உலகில் முதலில் பெற்ற நாடு நாம். சல்பைடு படிவுகளைத் தேட 2016-இல் பன்னாட்டுக் கடலடி ஆணையத்தோடு 10,000 சதுர கிலோமீட்டருக்கு ஒப்பந்தம், 2025-இல் இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில் உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் இன்னொரு 10,000. இரண்டும் தேடுவதற்கான அனுமதிதான், தோண்டுவதற்கு அல்ல.

முக்கியமான விஷயம், ஊற்றுகள் தாமாகவே செத்துச் செத்துப் பிறப்பவை. 1991-இல் கிழக்கு பசிபிக் முகட்டில் எரிமலைக் குழம்பு பாய்ந்து ஒரு திடலையே மூடியது. இரண்டு ஆண்டு சொச்சத்தில் அதே இடத்தில் ராட்சதக் குழாய்ப்புழுக்கள் ஒன்றரை மீட்டர் வரை வளர்ந்து நின்றன. எரிமலையையே தாங்கும் உயிர்கள் ஓர் இயந்திரத்தைத் தாங்காதா?

#6 ஆழ்கடல் அகிலா

செந்தில், கடைசிக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொன்ன 1991 சம்பவம் முழுக்க உண்மை. ஆனால் அது எந்த இடம் என்று பாருங்கள். கிழக்கு பசிபிக் முகட்டின் அந்தப் பகுதியில் தட்டுகள் ஆண்டுக்கு 11 சென்டிமீட்டர் அளவில் விலகுகின்றன. எரிமலை அடிக்கடி வெடிக்கும், ஊற்றுகள் நெருக்கமாக இருக்கும், ஒன்று செத்தால் பக்கத்து ஊற்றிலிருந்து குஞ்சுகள் மிதந்து வரும். அங்கே வாழும் உயிர்கள் அந்த வேகத்துக்குப் பழகியவை.

நம் கடலில் தென்மேற்கு இந்திய மலைத்தொடர் ஆண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட விலகுவதில்லை. உலகிலேயே மெதுவானவற்றில் ஒன்று. இப்படி மெதுவாக விலகும் இடங்களில் ஓர் ஊற்றுத்திடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். அட்லாண்டிக்கில் டேக் என்ற ஊற்று மேடு பல்லாயிரம் ஆண்டுகளாக விட்டு விட்டு இயங்குகிறது. அதனால்தான் அங்கே படிவு பெரிதாகக் குவிகிறது, அதனால்தான் சுரங்கக்காரர்களின் கண்ணும் அங்கே போகிறது. ஆனால் ஊற்றுக்கும் ஊற்றுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அங்குள்ள உயிர்கள் அழிவுக்குப் பழகியவை அல்ல. பசிபிக்கில் மீண்டு வந்ததைக் காட்டி இந்தியப் பெருங்கடலிலும் மீளும் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இந்த விவாதத்தில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு புள்ளியைத்தான்.

எரிமலை மூடிய பிறகும் அடியில் வெப்பம் இருக்கிறது, ஊற்று திரும்பப் பீறிடும். இயந்திரம் குழாய்களை இடித்து அள்ளினால் நீரோட்டத்தின் வழியே மாறிப்போகலாம். இரண்டும் ஒன்றல்ல.

#7 இளங்கோ_மெரைன்

சில காலம் ஓர் ஆய்வுக் கப்பலில் டெக்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் சொல்கிறேன்.

ஊற்றை எப்படித் தேடுவார்கள் தெரியுமா? கரும்புகை ஊற்றிலிருந்து கிளம்பி 200, 300 மீட்டர் மேலே ஏறும். சுற்றியிருக்கும் நீரின் அடர்த்திக்குச் சமமானதும் ஏறுவதை நிறுத்திப் பக்கவாட்டில் படரும். அந்தப் படலத்தைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். நீர்க்குப்பிகள் வட்டமாகப் பூட்டிய சட்டத்தை வின்ச்சில் இறக்குவோம். கப்பல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், சட்டத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிக் கொண்டுபோவோம். உள்ளே கன்ட்ரோல் அறையில் நாலைந்து கோடுகள் திரையில் ஓடும். ஆயிரக்கணக்கான மீட்டருக்குக் கலங்கல் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக வரும். திடீரென்று தடித்து வெளியே துருத்தும். அதே ஆழத்தில் ரசாயன மின்னழுத்தக் கோடு கீழே விழும். அப்போது அறையில் இருக்கும் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். குப்பியை மூடு என்று ஆணை வரும். மேலே வந்த நீரில் மாங்கனீசும் மீத்தேனும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் கேமரா, நீர்மூழ்கி எல்லாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இயற்கையான ஊற்றுப் படலமே அடிநீரோட்டத்தில் பல கிலோமீட்டர் படர்ந்து போகும். சுரங்க இயந்திரம் கிளப்பும் துகள்களும் அப்படித்தான் போகும். பத்து ஏக்கரில் தோண்டினால் பத்து ஏக்கரோடு நிற்காது. கப்பலில் ஏற்றி நீரைப் பிழிந்துவிட்டு, கழிவுநீரை எந்த ஆழத்தில் திரும்ப விடப்போகிறார்கள் என்பதும் பெரிய கேள்வி.

#8 தருவைகுளத்தான்

செந்தில் தம்பி, நீங்க படிச்சவங்க, உங்க கணக்கை நான் குறை சொல்லல. நான் பார்த்ததைச் சொல்றேன்.

எங்க பக்கம் கடலுக்கு அடியில பார் இருக்கு. பார்னா கல்லுப்பாறை. கடல்பஞ்சும் கடல்விசிறியும் வளர்ந்து கிடக்கும். கலவாவும் விளமீனும் அங்கதான் அடையும். இழுவை மடி ஒரு தடவை அது மேல போச்சுன்னா, மடியில மீனோட பஞ்சும் விசிறியும் வேரோட வரும். டெக்குல கொட்டிட்டு மீனைப் பொறுக்கிக்கிட்டு மிச்சத்தை வாரிக் கடல்லயே தள்ளுவாங்க. அதுக்கப்புறம் அந்த இடத்துல தூண்டில் போட்டா ஒண்ணும் கடிக்காது. சேறு அடங்கவே நாளாகும், நீவாடு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கத்துப் பாரும் மூடிப்போகும். இது நாங்க கண்ணால பார்க்கிற ஆழம். ஆளே போக முடியாத ஆழத்துல என்ன ஆச்சுன்னு யார் போய்ப் பார்ப்பா? தப்பா போச்சுன்னா யார் ஒத்துக்குவா?

#9 செந்தில்_புவியியல்

அண்ணாச்சி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பார்க்க ஆள் போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்காகத்தானே மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியைக் கட்டுகிறோம்? உள்விட்டம் 2.1 மீட்டர் உள்ள டைட்டானியக் கோளத்துக்குள் மூன்று பேர், 6,000 மீட்டர் வரை போக. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம்மவர்கள் இருவர் பிரான்சின் நோட்டீல் (Nautile) என்ற நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் இறங்கி, ஒருவர் 4,000 மீட்டரையும் மற்றவர் 5,000 மீட்டரையும் தாண்டி வந்தார்கள். பயிற்சி நடக்கிறது.

அகிலா சொன்ன வேக வித்தியாசத்தை ஏற்கிறேன், அது வலுவான வாதம். ஆனால் என் வாதம் செத்த ஊற்றுகளைப் பற்றியது. 350 டிகிரியில் அமிலம் கக்கும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தித் தோண்டுவது கடினம். இயக்கம் நின்றுபோன மேடுகள் ஏராளம், பெரிய படிவுகளும் அங்கேதான். செதில்கால் நத்தை அங்கே வாழ முடியாது, கந்தகம் வரத்து இல்லையே. அவற்றை மட்டும் எடுப்போம் என்று சட்டமே போடலாமே?

#10 ஆழ்கடல் அகிலா

செத்த மேடும் உயிருள்ள ஊற்றும் பல திடல்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. இளங்கோ சொன்ன கலங்கல் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். செத்தது என்று நினைத்த மேட்டில் துளை போட்டதும் வெந்நீர் பீறிடவும் கூடும். அதோடு செத்த மேடுகளில் என்ன வாழ்கிறது என்று எடுத்த கணக்கு மிகக் குறைவு. குழாய்ப்புழு இல்லை, ஆனால் மெதுவாக வளரும் பவளமும் கடல்பஞ்சும் பற்றி நிற்கின்றன. அண்ணாச்சி சொன்ன பாருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எவ்வளவு நாளில் மீளும் என்று கேட்டால் ஒரு சோதனை கையில் இருக்கிறது. 1989-இல் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடலில் உலோகக் கட்டிகள் கிடக்கும் சேற்றுத் தரையைக் கலப்பை மாதிரி ஒன்றால் உழுதுவிட்டு வந்தார்கள். 2015-இல் திரும்பப் போய்ப் பார்த்தால் உழுத தடம் அப்படியே இருந்தது. சேற்றில் இருந்த நுண்ணுயிர்களின் இயக்கம்கூடத் தேறவில்லை. அது ஊற்று அல்ல, வேறு வகை இடம்தான். ஆனாலும் 26 ஆண்டு!

சல்பைடு சுரங்கத்தை நிஜமாகவே செய்யப் புறப்பட்டவர்கள் பாப்புவா நியூ கினியில் நாட்டிலஸ் மினரல்ஸ் என்ற நிறுவனத்தார். 2011-இல் குத்தகை வாங்கினார்கள், மூன்று ராட்சத இயந்திரங்கள் கட்டினார்கள், ஒரு டன்னைக்கூட விற்காமல் 2019-இல் திவாலானார்கள். பங்கு வாங்கியிருந்த அந்த ஏழை நாட்டின் பொதுப்பணமும் அதோடு போனது. கனடா இன்னொரு வழியில் போனது. தன் எல்லைக்குள் இருக்கும் எண்டெவர் ஊற்றுகளை 2003-லேயே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டு, அங்கே கேமராவும் கருவிகளும் கம்பி இழுத்து நிறுவி, கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. மத்ஸ்யா இறங்கும்போது நாமும் அந்த வழியில் போக வேண்டும் என்பது என் ஆசை. மூன்று பேர் கீழே போனால் அதில் ஒருவர் உயிரியலாளராக இருக்கட்டும். 1977-இல் நடந்தது போல வோட்காவில் ஊறவைக்கும் நிலை நமக்கு வர வேண்டியதில்லை.

#11 நிலா

அக்கா, ஒரு சந்தேகம். ஒருவேளை லோங்சியில் நத்தைகள் அழிந்துவிட்டால், கைரேயிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து திரும்ப நிரம்பாதா? கடல் எல்லாம் ஒன்றுதானே?

#12 ஆழ்கடல் அகிலா

கைரேய்க்கும் லோங்சிக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல், நிலா. இதையே மரபணுவில் பார்த்திருக்கிறார்கள். கைரேய், சொலிட்டேர் இரண்டும் மத்திய இந்திய மலைத்தொடரில் இருப்பவை, அந்த நத்தைகள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. சொலிட்டேர் நத்தைக்கு இரும்புப் பூச்சே இல்லை, வெள்ளையாக இருக்கும். அங்கே ஊற்று நீரில் இரும்பு குறைவு. அப்படி இருந்தும் சொந்தம் விட்டுப்போகவில்லை. தென்மேற்கு மலைத்தொடரில் இருக்கும் லோங்சி நத்தைகள் பார்வைக்குக் கைரேய் மாதிரியே கறுப்பு, ஆனால் மரபணுவில் தள்ளிப்போய்விட்டன. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே வந்துபோவது மிக மிகக் குறைவு என்றுதான் அர்த்தம். இதன் முட்டையில் மஞ்சள்கரு உண்டு, குஞ்சு நீந்தி வெகுதூரம் போய் இரை தேடும் வகை அல்ல.

ஆகவே லோங்சியில் போனால் கைரேயிலிருந்து வந்து நிரப்பும் என்று எண்ண இடமில்லை. கார்ல்ஸ்பெர்க் பக்கம் நம் உரிமப் பகுதியில் எந்தக் கூட்டம் இருக்கிறது, அது இவற்றில் யாருக்குச் சொந்தம் என்பதை நம் கப்பல்கள்தான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கடல் உயிரியல் எடுக்கும் எண்ணம் இருந்தால் தனிமடல் போடு. எந்தெந்தக் கல்லூரியில் என்ன படிப்பு இருக்கிறது என்று எழுதி அனுப்புகிறேன்.